அக்காவைக் கண்டுபிடித்தவள்

நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது ஒன்பது வயதில். எங்கள் வகுப்பில் அதுவரை ஒருத்தரும் பார்த்திருக்கவில்லை. திரும்பி வந்து யார் யாரிடம் எப்படியெல்லாம் பீற்றிக்கொள்வது என்று போகும் வழியிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அப்பாவும் சித்தப்பாவும் என்னை எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நாமக்கல் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. கடலூரிலிருந்து தெற்கே கடலோரக் கடைகளுக்கெல்லாம் எங்கள் முட்டை போகும். அந்த லைனில் வண்டி ஓட்டிய டிரைவரோடுதான் அக்கா போய்விட்டாள். எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் சாதி அவன். அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று தெரிந்த நாளிலிருந்து, அவளை உயிரோடு விடக்கூடாது என்று சித்தப்பா என் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் கோபத்தில் பேசுவது என்று விட்டுவிட்டேன். என் கவலையெல்லாம் தலைபின்னிவிட ஆள் இல்லையே என்பதுதான். அம்மா பின்னினால் ஒரு ஜடை மேலே, ஒரு ஜடை கீழே நிற்கும்.

அவன் முட்டை இறக்கிய ஊர்களில்தான் எங்காவது இருப்பார்கள் என்பது அப்பாவின் ஊகம். ஏற்கனவே இரண்டு முறை போய்க் கேட்டிருந்தார்கள். கடைக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் காரில் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளயக் கூட்டிப் போக வேண்டாங்க" என்றாள். அப்பா அவள் விரல்களைப் பிரித்துவிட்டார்.

கடலூர் தாண்டியதும் இடதுபக்கம் கடல் தெரிவதும் மறைவதுமாகக் கூடவே வந்தது. ஒவ்வொரு ஊரிலும் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு என்னை மட்டும் கடைக்கு அனுப்பினார்கள். "அக்காவப் பாக்கோணும்னு கேளு சாமி, அது போதும்" என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். சொல்லிக்கொடுத்திருக்கவே வேண்டாம். அக்கா என்று சொன்னாலே எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அந்த ஊர்க்காரர்களைப் போல நல்லவர்களை நான் கண்டதில்லை. ஒருவர் நுங்கு வெட்டிக் கொடுத்தார். இன்னொருவர் என்னைப் படகில் தூக்கி உட்கார வைத்தார்.

தரங்கம்பாடி தாண்டி ஒரு மீனவக் குப்பத்தில், முட்டைக்கடை வைத்திருந்த அம்மாள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழுவாதடி தங்கம், வா, உங்க அக்காகிட்ட நானே வுடுறேன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். சந்துக்குள் மூன்றாவது வீடு. அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். ஓடிவந்து ஈரக் கையோடு என்னை அள்ளிக்கொண்டாள். பின்னாலேயே அப்பா வந்து நின்றதும் அவள் உடம்பு விறைத்தது. அப்பா அழுதார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், நான்கு நாள் இருந்துவிட்டு வந்துவிடு என்றார். அக்கா அவரை நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கெடுதல் நினைக்கிறவர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார்களா? அவள் புருஷன் மீன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். தாய்வீடு போகிற பெண் வெறுந்தலையோடு போகக்கூடாது என்று கடைக்கார அம்மாள் எங்கள் இருவருக்கும் பூ வைத்துவிட்டாள்.

அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இறந்துபோனாள். பூச்சிமருந்து குடித்துவிட்டாள் என்றார்கள். குடித்தாளா, குடிக்க வைத்தார்களா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசியதில்லை. அம்மா அதன்பிறகு அப்பாவுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

அன்றைக்குக் குப்பத்திலிருந்து கார் கிளம்பியதும் சித்தப்பா அக்காவின் போனைப் பிடுங்கி அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா வெகுநேரம் கழித்து என்னை மடிக்கு இழுத்து, ஜடையைப் பிரித்துப் பின்னிக்கொண்டே காதுக்குள் கேட்டாள்.

"நானிருக்கற எடத்த ஆரு சாமி கேட்டுக் கண்டுபுடிச்சது?"

"நாந்தான்" என்றேன் பெருமையாக.

அவள் ஜடையை நுனிவரை பின்னி முடித்தாள். பிறகு, "இனிமே ஆரு கேட்டாலும் அப்பா கண்டுபுடிச்சாங்கன்னு சொல்லோணும். நீயின்னு நெனைக்கவே கூடாது. செரியா?" என்றாள்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஊர் ஊராக அழுது கண்டுபிடித்தவள் நான், பெயர் அப்பாவுக்கா? அவள் மடியிலிருந்து இறங்கி ஜன்னலோரம் நகர்ந்துகொண்டேன். நாமக்கல் வந்து சேரும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.