நல்லம்பள்ளியில் பத்து நாள் முகாம்

கோடை முகாம் நடத்துகிறவர்களுக்கு முதல் நாள் முழுக்க அழுகிற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவதிலேயே போகும். அந்தக் கஷ்டம் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியை. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில், ஒவ்வொரு மே மாதமும் பத்து நாள் பிள்ளைகளைத் தங்கவைத்து முகாம் நடத்துகிறேன்.

சமையல் டீம்

ஆறாம் வகுப்பு கவின் வந்த அன்றே அழ ஆரம்பித்தான். ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவானாம். மூன்றாம் நாள் காலை என் போனில் அப்பாவைக் கூப்பிட்டு, "உடனே வாங்க" என்றான். அவர் தொப்பூரில் ஓட்டல் வைத்திருப்பவர். மதிய வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு பைக்கில் பறந்து வந்தார்.

அதற்குள் பையனைச் சமையல் டீமில் போட்டிருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வாங்கப்பா, இன்னைக்கு சாம்பார் என் பொறுப்பு" என்றான். ஓட்டல்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு என்னிடம் கேட்டார்: "அப்ப நான் இருந்து சாப்ட்டுட்டாவது போவட்டுங்களா?"

பவித்ராவின் கன்னடம்

பவித்ரா வீட்டில் பேசுவது கன்னடம். அவள் தமிழைக் கேட்டு வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரித்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு மலையடிவாரத்தில் நடந்தபோது எங்கள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்த பெண்ணுக்கோ தமிழ் புரியவில்லை. பவித்ரா முன்னால் போய்க் கன்னடத்தில் சொன்னாள். உடனே தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் ஓடியது, கூடவே ஆளுக்கொரு வெள்ளரிக்காயும் கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அவளிடம் கன்னடம் கற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கண்ணயர முடியாத, கூட வந்திருந்த கணக்கு ஆசிரியர் என் பக்கம் திரும்பினார்: "மேடம், பேச வெச்சது நீங்க. நிறுத்தறதும் நீங்கதான்."

லாரி டியூப்

"பொட்டப்புள்ளைக்கு நீச்சல் எதுக்குங்க?" என்று மோனிஷாவின் அம்மா சண்டைக்கே வந்தார். நான் விடவில்லை. மோனிஷாவுக்கு லாரி டியூபைக் கட்டிக் கிணற்றில் இறக்கினேன். பத்தாம் நாள் டியூப் இல்லாமலே எதிர்ச்சுவரைத் தொட்டாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் தம்பி பண்ணைக்குட்டையில் வழுக்கி விழுந்துவிட்டான். கரையில் இருந்தவர்கள் அலறினார்கள். மோனிஷா ஒரு காலி கேனைத் தள்ளிக்கொண்டே நீந்திப்போய், முகாமில் சொல்லிக்கொடுத்தபடியே, அவனை அதைப் பிடிக்கவைத்து இழுத்து வந்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த மே மாசம் சின்னவனையும் சேத்துக்குங்க டீச்சர். எனக்கும் ஒரு டியூப் கெடைக்குங்களா?"

பத்து நாளில் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்துவிடுகிறார்கள். பெற்றோர் வளரத்தான் இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கிறது.