பலூன் துப்பாக்கிக்கு மூக்கு மாற்றிய அத்தான்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய் ஏலத்தைவிடக் கூட்டம் சேர்வது பலூன் சுடும் கடைக்குத்தான். பஸ் ஏறக்கூட வரிசையில் நிற்காத சேலையூர் ஜனம் இதற்கு நிற்கும். எந்தப் பலூன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்னது வெடித்தால் ஒரு எவர்சில்வர் டம்ளர். பக்கத்தில் உள்ளது வெடித்தால் ஒன்றும் கிடையாது. ஒரு டம்ளருக்காக ஞாயிற்றுக்கிழமைச் சட்டை வியர்க்க வியர்க்க மனிதர்கள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஏவாள்மேல் இருக்கும் வருத்தம் குறைந்துவிடும்.

சபைக்குச் சொந்தமான அந்த ஏர்கன் இடதுபக்கம் இழுக்கும். இது எல்லோருக்கும் தெரியும். சிவப்பு வேண்டுமென்றால் சிவப்புக்கு வலதுபக்கம் இருக்கிற பச்சையைக் குறிபார்க்க வேண்டும். "ஒண்ணு தள்ளி அடிங்க" என்று வருஷாவருஷம் கடையில் நின்று சொல்லிக்கொடுத்தவர் என் அக்காவின் கணவர். ஞானஸ்நானம் எடுத்த தேதி மறந்தவர்களுக்குக்கூட அந்த வாக்கியம் மறக்காது.

அத்தான் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் இட்லியின் விட்டத்தையும் அவர்தான் பரிசோதிப்பார். சபைக் கமிட்டிச் செயலாளர் பதவிக்கு இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றிருந்தார். மூன்றாவது தேர்தல், பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு. இந்த முறையும் போனால் ஆராதனைக்கு வேறு சபை தேடிக்கொள்வேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். ஆண்டவரை விடவும் மினிட்ஸ் புத்தகத்தை நேசித்த மனிதர். அப்படிப்பட்டவருக்கு, ஜெயிக்க ஒரு காரியம் செய்துகாட்ட வேண்டும் என்று தோன்றியது. அவர் கையில் இருந்த ஒரே காரியம் அந்தத் துப்பாக்கி.

வீடியோக்கள் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். குழலின் உள்சுவரில் திருகுதிருகாகப் பள்ளம் ஓடுகிறதாம். அந்தப் பள்ளம் குண்டைச் சுழற்றுகிறதாம், சுழல்வதால்தான் குண்டு நேராகப் போகிறதாம். நான் குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். இருட்டுக்குள் வெளிச்சம் சுருண்டு சுருண்டு போய் ஒரு சின்ன நிலாவில் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகை அனுபவிக்க விடாமல் அவர் பள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

கோளாறு குழலில் இல்லை, மூக்கில் என்று கண்டுபிடித்தார். குழல் வாயில் மாட்டியிருக்கும் வளையத்தின்மேல்தான் குறிபார்க்கும் ஊசி நிற்கிறது. அது என்றைக்கோ கீழே விழுந்து சாய்ந்துபோயிருந்தது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு கண் போதும். அவர் கண்ணாடியையும் போட்டுக்கொண்டார். ஆன்லைனில் புது மூக்கு வரவழைத்தார். மினுமினுவென்று கறுப்பு, பக்கவாட்டில் ஓட்டைகள். வேட்டைக்கோ ராணுவத்துக்கோ போகிற மாதிரி ஒரு தோரணை. பலூனுக்கு.

குழலைக் கவ்விப் பிடிக்கப் பால்கனியில் பெஞ்ச் வைஸ் வந்தது. ரப்பர் சுத்தி வந்தது. கொத்தனாரின் ரசமட்டம், ஸ்க்ரூ முடுக்கும் ஆலன் கீ செட், அக்காவின் நல்ல பட்டுத்துண்டு, எல்லாம் வந்தன. பட்டுத்துண்டு வைஸின் பல் குழலைக் கடிக்காமல் இருக்க. அக்கா துணி காயப்போட இடமில்லாமல் மொட்டைமாடிக்கும் வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். ரெண்டு குட்டி ஸ்க்ரூவைக் கழற்றி ரெண்டு குட்டி ஸ்க்ரூவை முடுக்கும் வேலை அது. ஒரு வாரம் செய்தார். கடைசியில் காகிதத்தில் சுட்டுப் பார்த்தார், கறுப்பு வட்டத்தின் நடுவில் ஓட்டை. அந்தக் காகிதத்தை லேமினேட் செய்தார்.

பண்டிகையன்று கடை மேஜையில் லேமினேட் செய்த காகிதமும், அதன் பக்கத்தில் ஆலன் கீயும், வெல்வெட் துணிமேல் பழைய கோணல் மூக்கும் இருந்தன. கல்யாண வீட்டுச் சீர்வரிசை கெட்டது. "இனிமே தள்ளி அடிக்கத் தேவையில்ல, ஸ்ட்ரெய்ட்டா அடிங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டுத் தள்ளி அடித்தார்கள். சிவப்பு சொன்னவர்களுக்குப் பச்சை வெடித்தது, மஞ்சள் சொன்னவர்களுக்கு நீலம். நேராக அடிக்கத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். தோள் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. டம்ளர்கள் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன.

பாடகர் குழுவில் அடிக்குரலில் பேஸ் பாடும் ஆட்டோக்கார அண்ணன் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா சார், நல்லா இருந்த துப்பாக்கிய இப்டி பண்ணிகினு வந்துகிறீங்க."

அத்தான் முகம் சிவந்தது. துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். நடுவில் உள்ள சிவப்பு என்று சத்தமாகச் சொன்னார். ஆயர் பார்க்கிறார், பெண்கள் ஐக்கியம் பார்க்கிறது. மூச்சைப் பிடித்தார், சுட்டார். பச்சை வெடித்தது.

பல வருஷம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த தோள் அது. அவரை மட்டும் எப்படி விடும்.

"நீ அடி, மச்சான்" என்று என்னிடம் நீட்டினார். அந்தக் கூட்டத்தில் பழக்கம் இல்லாத ஒரே தோள் என்னுடையதுதான். இந்தக் கடையை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. சிவப்பு என்று சொன்னேன், சிவப்பைப் பார்த்தேன், சிவப்பு வெடித்தது.

ஒரு நொடி அத்தான் கண்ணில் செயலாளர் நாற்காலி தெரிந்தது.

"பாத்தீங்களா சார்," என்றார் ஆட்டோ அண்ணன், "உங்க மச்சானுக்குத் தெரியுது. அவரு கரெக்டா தள்ளி அடிக்கிறாரு."

நேராகத்தான் அடித்தேன் என்று சொன்னேன். சிரித்தார்கள். சொந்தக்காரன் விட்டுக்கொடுக்கமாட்டான் என்றார் ஒருவர். இன்னொரு முறை அடித்துக் காட்டச் சொன்னார் அத்தான், காட்டினேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள், தள்ளி அடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று.

அத்தான் ஆலன் கீயை எடுத்தார். எல்லோர் முன்னிலையிலும் புது மூக்கைக் கழற்றி, பழைய கோணல் மூக்கை மாட்டினார். ஒரு வாரத்து வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வைஸ் இல்லை, ரசமட்டம் இல்லை, பட்டுத்துண்டு இல்லை. அடுத்து வந்த டீச்சர் மஞ்சள் என்றார், மஞ்சள் வெடித்தது. வரிசை மறுபடி நீண்டது. அட்டைப்பெட்டி காலியானது.

"சார் சரி பண்ணிட்டாரு" என்று பிரியாணிப் பந்தல் வரை செய்தி போனது.

அடுத்த ஞாயிறு அவர் ஜெயித்தார். நன்றியுரையில் எதையும் சரிசெய்யும் தன் அனுபவத்தைப் பற்றிப் பேசினார். சபை ஆமென் என்றது.