தனசிங்கின் பரங்கிக்காய்

பொழுது புலர்கிற நேரத்தில் தனசிங் பரங்கிக்கொடிக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருப்பார். ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லப் புரட்டுவார். வண்டு செய்கிற வேலையை நீங்கள் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால், "வண்டுக்கென்ன, லீவு போட்டாலும் போட்டுடும்" என்பார். மூக்கு நுனியில் ஒட்டிய மஞ்சள் பொடியோடேயே தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடி, பீச் ரயிலைப் பிடிப்பார்.

தந்தி ஆபீசில் குமாஸ்தா. கிழக்குத் தாம்பரத்தில் வீடு. வீட்டைவிடத் தோட்டம் பெரியது. ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் அவர் கையில்தான். பறித்த காய் வாடுவதற்குள் அடுப்பேறிவிட வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றிப் பரங்கிக்கூட்டு வைக்கும்போது ரேடியோவை அணைத்துவிடுவார். காய் கொதிக்கிற சத்தம் கேட்க வேண்டுமாம். "நல்லா இருக்குன்னு சொல்றது ஒண்ணுதான் எனக்கு வேலை" என்று மனைவி பியூலா சிரிப்பார்.

சங்கடமெல்லாம் சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகையில்தான். சபையார் அவரவர் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். தனசிங் இருப்பதிலேயே பெரிய காயைத்தான் கொடுப்பார். சின்னதைக் கொடுக்க மனம் வராது. ஆனால் வைக்கோல் பரப்பி, புரட்டிப் புரட்டி வளர்த்த அந்தக் காயை இன்னொரு வீட்டில் குழைய வேகவைத்துவிடுவார்களே என்று நினைத்தால் பொறுக்காது. தானே ஏலம் கேட்டுத் தூக்கிவந்துவிடுவார்.

"இன்னா சார், உங்க வூட்டுக் காயை வருஷா வருஷம் நீங்களே எடுத்துகினு போறீங்க?" என்பார் ஏலம் விடும் ஏசுபாதம்.

"ஆண்டவருக்குக் கொடுத்தாச்சு. அவர்கிட்ட இருந்துதானே வாங்கறேன்?"

போன வருஷம் அது பலிக்கவில்லை. புதிதாகக் குடிவந்திருந்த நர்ஸ் ஞானம்மாள், இவர் கேட்கக் கேட்க ஏற்றிக்கொண்டே போனார். பியூலா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். காய் ஞானம்மாளின் இடுப்பில் ஏறிக் கிளம்பிவிட்டது. தனசிங் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். பியூலாவும் வேறு வழியில்லாமல் கூட நடந்தார்.

"சிஸ்டர், எப்படிச் சமைக்கப் போறீங்க?"

"புளிக்குழம்பு சார். கருவாடு போட்டு."

"கருவாடா!" நடுத்தெருவில் நின்றுவிட்டார் தனசிங். "சர்க்கரையா இனிக்கும் சிஸ்டர் அது. தேங்காய்ப்பாலுக்குன்னே வளர்த்தது!"

"அப்படியா? மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. வந்து சொல்லுங்க."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போனார். முதல் கவளம் வாய்க்குள் போனதும் அந்த முகம் மாறியது. புளிப்புக்கும் கருவாட்டு உப்புக்கும் நடுவே அவருடைய காய், உருக்குலையாமல் தித்தித்தது. இத்தனை வருஷம் தன் கொல்லையிலேயே இருந்தும் இந்த ருசி தன் நாக்குக்கு எட்டவில்லையே! கண்ணை மூடி மென்றார்.

"ஏங்க, காரமா?" என்றார் பியூலா.

"பேசாதே. கொஞ்சம் சும்மா இரு" என்றவர், மறுசோற்றுக்குத் தட்டை நீட்டினார்.

சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனார். புல்கூட முளைக்காத வெறும் தரை. கழுவிய தண்ணீர் சுவரோரமாக வீணே ஓடிக்கொண்டிருந்தது. தனசிங் வேட்டியை மடித்துக் கட்டினார். குதிகாலால் மண்ணைக் கீறி, அந்தத் தண்ணீரை, கொடி படர வெயில் விழுகிற மூலைக்குத் திருப்பிவிட ஆரம்பித்தார்.