நாடா போட்ட போனோகிராஃப்

பழைய பெட்டிக்குப் புது ஸ்குரூ போடுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்துப் பிழைக்கிறேன். சம்பாதிப்பதில் பாதி, போனோகிராஃப் வாங்கவும் அதற்கு அந்தக் காலத்து உதிரிபாகம் தேடவும் போய்விடும். ஒரு திருகாணிக்காகப் புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் பொழுது சாயும்வரை வெயிலில் காய்ந்திருக்கிறேன். "கிறுக்குதான் புடிச்சிருக்குது உனக்கு" என்பாள் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை.

அனந்தபுரத்திலிருந்து ஒரு சமணக் குடும்பத்து அம்மாள், எண்பதை நெருங்கியவர், ஆட்டோ வைத்துக்கொண்டு ஒரு பெட்டியோடு கடைக்கு வந்தார். தட்டு சுற்றும் கிராமபோனுக்கும் மூத்தது அது. அதில் சுற்றுவது மெழுகுக் குழல். பாட்டுக் கேட்கலாம், புனலுக்கு எதிரே நின்று பேசினால் பேச்சையும் மெழுகில் பதியலாம். கூடவே, டம்ளர் உயரத்தில் ஒரே ஒரு குழலைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இதுல எங்க நைனா பேசியிருக்காராம் தம்பி."

பெட்டி அவருடைய தாத்தா ஆசைப்பட்டு வாங்கியது. ஐந்து வயது மகனை அதன் முன்னால் நிறுத்திப் பேச வைத்துப் பதிந்தாராம். அந்த மகன்தான் இந்த அம்மாளின் தகப்பனார்.

"நா கைக்கொழந்தையா இருக்கசொல்லவே போய்ட்டாரு. போட்டோ இருக்குது. கொரலு இன்னா மாதிரின்னு தெரியாது. நா போறதுக்குள்ள ஒருதரம் கேட்டுடணும்."

குழலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பாதிக்குமேல் பூஞ்சை பிடித்திருந்தது. ஊசி ஓட ஓட மெழுகு தேயும். இது ஒரு முறை தாங்கினாலே பெரிது. அதை மறைக்காமல் சொன்னேன். "ஒருதரம் போதும்" என்றார்.

ஸ்பிரிங்கைக் கழுவி கிரீஸ் போட்டேன். ஒலி எழுப்பும் மைக்காத் தகடு விரிசல் விட்டிருந்ததால், அதே வயதுப் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்து மாற்றினேன். குழலைச் சுழற்றும் பட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நைந்த பாவாடை நாடா கிடந்தது. எவனோ கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டுவிட்டு, பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தக் காலத்துத் தோல் பட்டையை மாட்டினேன். குழல் மாட்டாமல் ஓட்டிப் பார்த்தேன், அம்சமாக ஓடியது.

வேலை முடிந்த அன்று மத்தியானம் பெட்டியையும் குழலையும் அனந்தபுரத்துக்கு எடுத்துப் போனேன். பெருமை தாங்கவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். "எல்லாம் அந்தக் காலத்து சாமான்மா. பட்டைகூட ஒரிஜினல் தோலு."

அம்மாள் கையை நீட்டித் தடுத்தார். "தோலா? உள்ள வராதீங்க தம்பி. எங்க ஊட்டுக்குள்ள தோலு நொழையாது."

"கம்பெனியே தோலுதாம்மா போட்டுச்சு. நாடா எவனோ பின்னாடி மாட்னது."

"பின்னாடி இன்னா பின்னாடி? பொட்டி வந்த அன்னிக்கே தோலை எடுத்துட்டு நாடா போட்டுத்தான் எங்க தாத்தா உள்ள வுட்டாராம். எங்க அத்த சொல்லும்."

தெருவில் பெட்டியும் கையுமாக நின்றேன். அப்படியானால் அந்தக் குழல் சுற்றிப் பதிந்ததே நாடாவில்தான். நான் திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டதுதான் இந்தப் பெட்டியின் அசல் பாகம். கடல் தாண்டி வந்த அதிசயத்தையே வாசலில் நிறுத்தி, தன் வீட்டு ஒழுங்குக்கு வளைத்த அந்த மனிதரை நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

அம்மாளின் மருமகள் உள்ளேயிருந்து புது நாடா கொண்டுவந்தார். வாசலிலேயே உட்கார்ந்து பட்டையைக் கழற்றினேன், தோல் பட்ட இடத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன், நாடாவை அளந்து தைத்து மாட்டினேன். அதன்பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

குழலை மாட்டி, சாவி கொடுத்து, ஊசியை இறக்கினேன். முதலில் கடுகு பொரிகிற சத்தம். அப்புறம் தூரத்தில் ஓர் ஆண் குரல்: "சொல்லுடா, சொல்லு." பிறகு ஒரு குழந்தை பேசியது. ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, எட்டை விட்டுவிட்டு ஒன்பதுக்குத் தாவி, தப்பைத் தானே கண்டுபிடித்துச் சிரித்தது. எத்தனையோ பெட்டிகளைப் பேச வைத்திருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அம்மாள் புனலுக்குப் பக்கத்தில் காதை வைத்து, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"போதும் நைனா, பசிக்குது" என்றது குழந்தை. குழல் முடிந்தது. ஊசியைத் தூக்கினேன். அதன் அடியில் மெழுகு தூளாக உதிர்ந்து கிடந்தது.

அம்மாள் மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கொழந்த பசிக்குதுங்குது. உள்ள இன்னா இருக்குது?" என்று மருமகளைக் கேட்டார்.