பைரவருக்குப் போட்ட சோறு

“சிங்கப்பூர்ல மானா? யார்கிட்ட கதை விடுற? நீ கண்ணால பாத்தியா?”

ஆசிரியர் பயிற்சி வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அவள் சிராங்கூன் ரோட்டில், அவர்களுடைய துணிக்கடையின் மாடியில் வளர்ந்தவள். நான் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டோரத்தில், தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா அந்தக் காட்டுக்குக் காவலாள்; அவருக்கு மேலே மண்டோர் என்ற கண்காணி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்ததை யாராவது சந்தேகித்தால் என்னால் தாங்க முடியாது.

“ஞாயித்துக்கிழமை விடியக்காலையில வா, காட்டுறேன்” என்றேன்.

நான் சொன்னது சருகுமானை. பூனை அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது, கால்கள் பென்சில் கனம். சின்ன வயதில் குழாயடிக்குப் போகும்போது, காட்டு அத்திமரத்தடியில் அவை பழம் பொறுக்கித் தின்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எப்போதாவது ஒன்றை மலைப்பாம்பு பிடிக்கும். அதற்காக மற்றவை அந்த இடத்தை விட்டுப் போனதில்லை.

பிறகு கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனார்கள். நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். அவை கொஞ்ச நாள் இடிந்த வாசல்களில் காத்துக் கிடந்தன. அப்புறம் கூட்டமாகச் சேர்ந்து காட்டுக்குள் நுழைந்தன.

அந்தச் சமயத்தில்தான் அம்மா பைரவரிடம் வேண்டிக்கொண்டாள். நான் டீச்சராகும்வரை, தேய்பிறை அஷ்டமி தவறாமல், அவருடைய வாகனமான நாய்க்குத் தயிர்சோறு போடுவதாக வேண்டுதல். ஆனால் பசித்த வாயைப் பார்த்துவிட்டால் அம்மாவுக்கு அஷ்டமியும் தெரியாது, நவமியும் தெரியாது. தினமும் போட்டாள், அதே அத்திமரத்தடியில். சில நாள் சட்டியை நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நாய்கள் குட்டி போட்டன. குட்டிகள் வேட்டை பழகின. எங்கள் சோறு இருந்ததால் அவை வேறெங்கும் போகவில்லை. மான்களைப் பார்த்து நாளாகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. படிப்பு மும்முரம்.

ஞாயிற்றுக்கிழமை தோழி காலில் புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தாள். புதர் மறைவில் உட்கார்ந்தோம். பழங்கள் தின்ன ஆளில்லாமல் அழுகிக் கிடந்தன. நன்றாக விடிந்த பிறகு உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். செவலை நாய் ஒன்று வெளியே வந்தது. அதன் வாயில் சருகுமான்.

என்னைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்து என் பாவாடையை முகர்ந்தன.

“மானக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து, ஒன் சொந்தக்காரங்களக் காட்டுறியே லா!” என்று தோழி சிரித்தாள். கீழே கிடந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அதன் மடியில் பால் கட்டியிருந்தது.

“குட்டி எங்கயோ கெடக்கு பாவம்” என்றாள். “ஆமா, இதுங்க ஒன்கிட்ட இவ்ளோ ஒட்டுதே, யாரு சோறு போடுறது?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவளை பஸ் ஏற்றிவிடும்வரை அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “நாய்னா பிடிக்கத்தான் செய்யும். வேண்டுதல பாதியில நிறுத்துனா ஒனக்குத்தாண்டி ஆகாது. பரிச்ச முடிவு வரட்டும்” என்றாள். நாம் சோற்றை நிறுத்தினாலும் அவை இனி மானை விடமாட்டா, நாய் பிடிப்பவர்களை வரச் சொல்ல வேண்டும் என்றேன்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “காட்டுல யாரு சோறு போடுறதுன்னு மண்டோர் ஏற்கெனவே கேட்டுக்கிட்டு இருக்காரு. காவக்காரன் வீட்டுச் சோறுன்னு தெரிஞ்சா வேல போயிடும், வீடும் போயிடும். சும்மா இரும்மா.”

அன்று முழுக்க என்னால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. அம்மாமேல் கோபம் வரவில்லை. அந்தச் சோறு என் பெயரைச் சொல்லிப் போட்ட சோறு. அப்பா காவல் காத்த காட்டில், நான் டீச்சராக வேண்டும் என்பதற்காக ஒரு வேட்டைக் கூட்டம் வளர்ந்திருந்தது. நாளைக்குப் பிள்ளைகள் முன்னால் நின்று மிருகங்களைப் பற்றி என்ன பாடம் நடத்துவேன்? நாய்களைப் பிடித்தால் சுட்டுவிடுவார்கள் என்பதும் தெரியும். அவை வாலாட்டி நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மனம் கூசியது.

திங்கட்கிழமை காலை கல்லூரி பஸ்ஸை விட்டுவிட்டு மண்டோரின் அலுவலகத்துக்குப் போனேன்.

“ஐயா, நாய்ங்களுக்குச் சோறு போட்டது எங்க வீடுதான். எனக்காகப் போட்டது. இனிமே போட மாட்டோம். இருக்கிற மானாவது பொழைக்கணும், நாய் பிடிக்க ஆள் அனுப்புங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ வந்தது ஒங்கப்பனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, சோறு போட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். நான் முன்னால் நடந்தேன்.