படகு நிழலில் இருந்தவர்கள்

ஜப்பான்மீது அணுகுண்டு போட்டது சரிதான் என்று எங்கள் குப்பத்தில் முதன்முதலாகச் சொன்னவள் என் அக்கா. அப்படிச் சொன்னதற்காக அவளுக்கு ஒரு கப்பும் கிடைத்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில், ஒரு கைப்பிடி உடைந்துபோய், அது நின்றுகொண்டிருக்கிறது.

சுனாமி வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு எட்டு வயது. அக்கா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ படித்தாள். எங்கள் குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவள்தான் என்பதை அம்மா மீன் வாங்க வருகிறவர்களிடம்கூட விலை சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுவாள். அந்த ஆடி மாதம் ஹிரோஷிமா நாளை ஒட்டிச் சிதம்பரத்தில் ஒரு பேச்சுப்போட்டி வந்தது. போரை முடிப்பதற்கு அணுகுண்டு வீசியது நியாயமா என்பது தலைப்பு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். அக்காவுக்கு 'நியாயமே' என்று வந்தது.

ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்து எழுத உட்கார்ந்துவிட்டாள். எதையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. கோலம் போட்டாலும் அப்படித்தான், என்னைக் குட்டினாலும் அப்படித்தான்.

ஒத்திகை கடற்கரையில் நடந்தது. கவிழ்த்த ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்று பேசுவாள். அப்பாவின் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஆனதும் கையைத் தூக்க வேண்டியது என் வேலை. எனக்கு அப்போது மணி பார்க்கவே தெரியாது. சலிப்பு வந்ததும் கையைத் தூக்கிவிடுவேன். அது எப்படியோ தினமும் ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது. வலை பழுது பார்க்கிறவர்கள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். போர் நீண்டிருந்தால் இரண்டு பக்கமும் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்கள், எத்தனை ஊர் எரிந்திருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆயிரம் நாள் ரத்தத்தைவிட ஒரு நாள் கண்ணீர் மேல்" என்று முடிப்பாள். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். குண்டு என்றால் தீபாவளிக்கு வெடிப்பதைவிடக் கொஞ்சம் பெரியது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

போட்டிக்கு அப்பாவால் வர முடியவில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எங்களைச் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். சட்டையை இஸ்திரி போட்டு, செண்ட் அடித்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தார். அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைதட்டக் கூடாத இடத்தில் எல்லாம் கைதட்டினார். எதிர்ப்பக்கம் பேசியவர்களில் குறிஞ்சிப்பாடிப் பையன் ஒருவன் இருந்தான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது அவன் அழுதுவிட்டான். மிச்சம் மறந்துபோய் அப்படியே இறங்கிவிட்டான். அக்கா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கப்பு அவளுக்குத்தான்.

வெளியே வரும்போது அந்தப் பையன் அக்காவிடம் வந்தான். "நெஜமாவே அப்டிதான் நெனைக்கிறீங்களா அக்கா?" என்றான்.

"சீட்டுல அப்டி வந்துச்சிப்பா" என்று அக்கா சிரித்தாள். பஸ்ஸில் ஏறியதும் ஏனோ அவள் சிரிக்கவில்லை. கப்பை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஊர் வரும்வரை அதைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் குப்பத்துக்கும் அடுத்த குப்பத்துக்கும் ஆறு மாதமாகச் சண்டை. அவர்கள் பெரிய வலை போட்டு எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். தங்கள் கடலில் நாங்கள் வருகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். மூன்று தடவை பேச்சுவார்த்தை நடந்து ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், துடுப்படி பட்டுக் கை முறிந்து கிடந்தான். இத்தனைக்கும் அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, வாழ்க்கைப்பட்டிருந்தது அந்தக் குப்பத்தில்தான். இப்படிப் பெண் கொடுத்து எடுத்த வீடுகள் இரண்டு பக்கமும் நிறைய.

கப்பு வந்த மறுநாள் சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. பெண்கள் கூட்டத்தில் உட்கார மாட்டார்கள், மதிலுக்குப் பின்னால் நின்று கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள், சால்வை போடுவதற்காக. நானும் அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டு போனேன். தலைவர் சால்வை போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். 'சரி, நீ போம்மா' என்கிற மாதிரி அவர் தலையை ஆட்டிவிட்டு வலை விஷயத்துக்குத் திரும்பினார். அக்கா இரண்டடி நகர்ந்து தூண் ஓரமாக நின்றுகொண்டாள்.

மாமாதான் எழுந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அந்தக் குப்பத்து மாரியம்மனுக்குச் செடல். முதுகில் அலகு குத்தித் தேர் இழுக்கும் நாள். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், படகெல்லாம் கரையில் வரிசையாகக் கிடக்கும், ஊரே கோயிலில் இருக்கும். காலையில் நாம் கடல் பக்கமாகப் போவோம், கரை ஏறவே வேண்டாம், மண்ணெண்ணெய் பாட்டிலைக் கொளுத்தி வீசிவிட்டுத் திரும்பிவிடுவோம் என்றார்.

"படகு போச்சின்னா சண்டையும் போச்சி. ஒரு உசிரு சாவாது. இல்லாகாட்டி இன்னும் பத்து வருசத்துக்கு ஒர்த்தன் கைய ஒர்த்தன் ஒடச்சிக்கினுதான் கெடக்கணும்" என்றவர், அக்காவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். "நம்ம புள்ளயே சொல்லிச்சே. ஆயிரம் நாள் ரத்தத்தவிட ஒரு நாள் கண்ணீர் மேலு."

ஒரு சொல் பிசகாமல் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐஸ் பெட்டிமேல் பிறந்த வசனம் ஊர்க்கூட்டம் வரை வந்துவிட்டதே என்று அக்காவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

ஆமாம், ஆமாம் என்று நாலைந்து பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கை முறிந்த அண்ணனின் அப்பா மட்டும் அவர்களோடு சேரவில்லை. தலைவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா சால்வையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"நான் பேசுனது கப்புக்கு, மாமா" என்றாள். "குண்டு போட்ட அன்னிக்குக் காலையில அந்த ஊருல யாரு யாரு இருந்தாங்கன்னு அந்தப் பேச்சுல நான் ஒரு வரி எழுதல. எழுதியிருந்தா தோத்துருப்பேன். அதனாலதான் எழுதல."

"பேச்சு வேற, இது வேறம்மா. இங்க படகு மட்டுந்தான். ஆளுங்க எல்லாம் கோயில்ல இருப்பாங்க" என்றார் தலைவர், தன்மையாகத்தான்.

"எல்லாரும் இருக்க மாட்டாங்க."

"யாரு இருக்க மாட்டாங்க?"

அக்கா மதிலுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேடையில் பேசுகிற குரல் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"போன வருசம் செடலுக்கு நானும் தங்கச்சியும் சித்தி ஊட்டுக்குப் போயிருந்தோம். நான் கோயிலுக்குப் போவல. காப்புக் கட்டன தெருவுலயும் இருக்கக் கூடாதுன்னு சித்தி கரைக்கு அனுப்பிச்சிட்டாங்க. படகு நெழல்லதான் உக்காந்திருந்தேன். என்னோட இன்னும் பதினோரு பேரு. அதுல ரெண்டு பேரு பிள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரிங்க, கைக்கொழந்தையோட. காலையில நெழலு கரைப் பக்கந்தான் உழும். கடல்லேர்ந்து பாத்தா ஒர்த்தரும் தெரிய மாட்டோம்."

எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள். அக்காவை நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் சாட்சிக்கு வந்தேன்.

"ஆமா. நான் பலூன் வாங்கித்தான்னு அழுதேன். அக்கா எழுந்து வரவே இல்ல."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அத்தனை ஆம்பிளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் மணலைப் பார்த்தார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பலூனைப் பற்றிச் சொன்னதற்கு இவர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் குப்பத்திலிருந்து ஒரு படகும் போகவில்லை.

அதோடு சண்டை தீர்ந்தது என்று சொன்னால் பொய். அது மேலும் இரண்டு வருஷம் ஓடியது. அதிகாரிகள் முன்னால் பேசி, கையெழுத்துப் போட்டு, மீறி, மறுபடி பேசினார்கள். நடுவில் எங்கள் குப்பத்தில் இன்னொரு பையனுக்கு ஒரு கண் போயிற்று. அண்ணனின் கை கடைசிவரை சரியாக மடங்கவில்லை. ஒரு நாள் மாமா, கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி அக்காவிடம் கேட்டார்: "அன்னிக்கே முடிச்சிருந்தா அந்தப் பையன் கண்ணு மிஞ்சியிருக்குமில்ல?" ஐந்து நிமிடம் தடையில்லாமல் பேசிக் கப்பு வாங்கியவள், வெகுநேரம் யோசித்துவிட்டு, "இருக்கலாம் மாமா. தெரியல" என்று மட்டும் சொன்னாள். அவள் பேசியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கூட்டம் முடிந்த அன்றைக்கு அம்மா அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டில் மட்டும் வறுத்த மீனில் பெரிய துண்டு அவள் தட்டுக்கே போயிற்று. சாமி கும்பிடப் போகாததை ஊருக்கு நடுவில் ஒத்துக்கொண்டதால்தான் அம்மாவுக்குக் கோபம், பெரிய துண்டு கப்புக்காக என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நான்கு வருஷம் கழித்து, எங்கள் குப்பத்துச் செடல் அன்று காலையில், அம்மா தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக் கொடுத்து என்னைக் கரைக்கு அனுப்பினாள். படகைத் தொடாமல் உட்கார் என்று மட்டும் சொன்னாள். நிழலில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அண்ணனின் மனைவி இருபது நாள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். கோயில் பக்கம் பம்பைச் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் படகு, அதற்குப் பின்னால் கடல். கடலில் யார் வந்தாலும் எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

ஊர் ஆம்பிளைகளுக்கு இந்த நிழல் தெரியாமல் இல்லை. ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் யாராவது ஒருத்தி எல்லா வருஷமும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். எண்ணிக்கையில் சேர்க்கத்தான் தோன்றவில்லை. அதைச் சேர்ப்பதற்கு என் அக்கா பதினேழு வயதில், ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லக் கூடாததை, தன்னை வைத்தே சொல்லியிருக்கிறாள். அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற எனக்கு அன்றைக்குப் பலூன்தான் தெரிந்தது.

அக்கா அப்போது சென்னையில் வேலையில் இருந்தாள். அண்ணியின் போனை வாங்கி அவளைக் கூப்பிட்டேன்.

"எங்கடி இருக்க, பம்ப சத்தம் தூரத்துல கேக்குது?" என்றாள்.

"படகு நெழல்ல உக்காந்திருக்கேன்."

"பலூன் வேணுமாடி?" என்று கேட்டாள்.