வெள்ளிக்கிழமைத் திலாப்பியா

லண்டன் லூயிஷாமில் நான் வேலை செய்யும் கல்லூரியில், பழைய தச்சு வகுப்பறைக்குள் மூன்று பெரிய தொட்டிகள் இருக்கின்றன. மாணவர்கள் அவற்றில் திலாப்பியா மீன் வளர்க்கிறார்கள். குஞ்சுகளையும் தீனியையும் ஒரு மீன் பண்ணை தருகிறது. செலவுக்கு அரசாங்க மானியம். சிறுபான்மையினப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் கல்லூரிகளுக்கென்று ஒதுக்கியது. என் சம்பளமும் அதிலிருந்துதான். மானியம் நின்றால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மகளின் நர்சரி இடமும் இல்லை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதிலிருந்து ரயிலில் ஏறும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மானியத்தைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்க ஒரு பெண் அதிகாரி வருவதாக இருந்தது. அக்கம்பக்கத்துச் சனம் இந்த மீனைச் சாப்பிடுகிறதா என்றும் பார்ப்பார் என்றார்கள். தமிழ் மாணவர்களின் தாய்மார் சிலரைச் சமைத்து, சேர்ந்து சாப்பிடக் கேட்டேன். முதலில் புதன்கிழமை என்றிருந்தது. பிறகு, வெள்ளிக்கு மாற்றலாமா என்று மின்னஞ்சல் வந்தது. மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டே சரி என்று பதில் போட்டேன். எங்கள் சைவ வழக்கப்படி நானும் வெள்ளியில் மீன், மச்சம் தொடாதவள்தான். ஆனாலும் அது அப்போது தோன்றவே இல்லை.

அன்று கல்லூரிச் சமையலறையில், அவர்களில் மூத்தவரான ஓர் அக்கா மீனை வெட்டியபடி சொன்னார்.

"தங்கச்சி, இண்டைக்கு வெள்ளியெல்லே. சமைச்சுத் தாறன். சாப்பிடச் சொல்லாதேங்கோ."

"சனம் சாப்பிடுறதைப் பாக்கத்தான் அக்கா அவ வாறா."

"அப்ப வேதக்காரரை, சேர்ச்சுக்குப் போறவையைக் கூப்பிட்டிருக்கலாம். அவை வெள்ளியில இறைச்சியை விட்டிட்டுத் தேடித் தேடி மீன் தின்னுவினம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை.

அதிகாரி தொட்டிகளைப் பார்த்தார், அக்காவோடு சமையலறையில் சற்று நேரம் நின்றார். நான் மேசையில் தட்டுகளை அடுக்கினேன். எல்லாரும் மேசைக்கு வந்ததும் தாய்மார் சோறும் பருப்பும் மட்டும் போட்டுக்கொண்டார்கள். மீன் குழம்பு நடுவில் அப்படியே இருந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பி, நீங்களும் சாப்பிடுவதில்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். விளக்கியிருக்கலாம். ஒரு வசனம் போதும். நான் ஒரு துண்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். உப்புக் கூடியிருந்தது. தாய்மார் என்னையே பார்த்தார்கள்.

"ருசி பாக்காமத்தான் போட்டனான். உப்புக் காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று அக்கா கேட்டார்.

"காணும் அக்கா."

தட்டை வெறுமையாக்கினேன். குற்ற உணர்வு வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

அதிகாரி போன பிறகு சட்டிகளைக் கழுவும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: "அவவுக்கு நான் முதலே சொல்லிப்போட்டன், வெள்ளியில நாங்கள் மீன் தின்னுறேல்லை, சனியில வந்து பாருங்கோ எண்டு. அவ எழுதியும் எடுத்தவ. நீங்கள் ஏன் பிள்ளை சாப்பிட்டனீங்கள்?"

நான் சட்டியின் அடியைத் தேய்த்தேன். ஏன் என்று இப்போதும் தெரியாது.

சில வாரங்களில் மானியத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்தார்கள். நான் சாப்பிட்டதாலா, அக்கா சொன்னதாலா, இரண்டும் இல்லாமலா என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு நர்சரிக்குப் போன் செய்து இடத்தை உறுதிப்படுத்தினேன். சந்தோஷமா என்று கணவர் கேட்டார். ஓம் என்றேன். மகளின் கால் சப்பாத்தைத் தேடிக் கட்டிலின் கீழே குனிந்தேன்.